அத்தைக்குச் சனி வக்கிரம்

நம் வயசுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிறவர்களுக்கு. தலைக்குச் சாயம் அடிப்பதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களுக்கு. முதல் ஷிப்டுக்கு எழுந்து எழுந்து பழகி, லீவு நாளிலும் இருட்டோடு விழிப்பு வந்து, எரிச்சலோடு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்கு. மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் நடுவில் நிறுத்தி, "இதையெல்லாமா நம்பினீர்கள்?" என்று கேட்கக் கூடாது. நம்பினோம். உங்கள் வீட்டிலும் நம்பினார்கள், எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. இதை எழுத ஆரம்பித்த பிறகே எழுந்துபோய், பால் பொங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் பாலே இல்லை. இதற்குக் கிரகம் காரணமில்லை. என் ஜாதகத்தில் எல்லாமே நேராகத்தான் போகின்றன, ராகு கேதுவைத் தவிர. அதுகள் இரண்டும் எல்லோருக்குமே பின்னால்தான் போகும். எனக்கு இந்த அவஸ்தை தொற்றிக்கொண்டது ஒன்பது வயதில், எங்கள் ஊருக்குக் கம்பெனிகள் வர ஆரம்பித்த வருஷத்தில்.

சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே போனால் எங்கள் ஊர். ஏரிக்கு அந்தப் பக்கம் முதல் இரும்புக் கூரை எழும்பிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் லாரி. மரத்து இலையில் புழுதி, கொடியில் காயும் துணியில் புழுதி, சோற்றில் மணல். என் அப்பாவுக்கு ஒரு டிராக்டர் இருந்தது. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், பின்னால் தண்ணீர் டேங்கைக் கட்டிக்கொண்டு, கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கெல்லாம் தண்ணீர் அடிக்கப் போய்விட்டார். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான சின்ன அத்தை. இன்னொருவர் சுவரில் இருந்தார். அப்பாவின் முதல் மனைவி. நான் பிறப்பதற்கு முன்பே, கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் காய்ச்சலில் இறந்துபோனவர். அவரைப் பெரியம்மா என்று சொல்லித்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமையானால் அந்தப் படத்துக்குப் பூ வைப்பது என் அம்மாதான். அதில் அவளுக்குச் சங்கடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் உரமூட்டை போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. அதைக் கூட்டிப் பெருக்கி வாடகைக்கு விட்டோம். ஊரில் வாடகை என்ற பேச்சே அப்போதுதான் புதிது. வந்தவர்கள் மூன்று பேர், எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். ஏரிக்கு அந்தப் பக்கம் கூரைக்கு இரும்பு ஒட்டுகிற வெல்டர்கள். அதில் ஒருவர் ஒல்லியாக, கழுத்தில் நெருப்புப் பொறி பட்ட புள்ளிகளோடு இருப்பார். ஒரு நாள் அவர் எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டைக் கொடுத்தார். முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்ளும் ஷீல்டில் போடுகிற கண்ணாடி, ஓரம் உடைந்து கழித்தது.

"இது வழியாப் பாரு பிள்ள, சூரியன் பச்சையாத் தெரியும்" என்றார்.

தெரிந்தது. ஒரு பச்சைப் பொட்டு, கண்ணே கூசவில்லை. அந்தக் கண்ணாடியை நான் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். சில நாட்களில் அது அடிக்கடி காணாமல் போக ஆரம்பித்தது. தேடிக்கொண்டு மாடிக்குப் போனால், சாயங்கால வெளிச்சத்தில் சின்ன அத்தை கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, என் கண்ணாடியைக் கண்ணில் வைத்து ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே உயரத்தில் ஒரு வெள்ளைப் பொறி எரிந்து எரிந்து அணையும்.

"இன்னா அத்த பாக்கற?"

"ம்... எவ்ளோ ஒசரத்துல நிக்கறாங்க பாருடி. வுழுந்துட்டா?"

எனக்கு என் கண்ணாடி திரும்பக் கிடைத்தால் போதும். பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

அத்தைக்கு அப்போது இருபதோ இருபத்தொன்றோ. அவள் ஜாதகத்தைப் பார்க்க அப்பா வாலாஜாபாத் போனபோது நானும் டிராக்டரில் தொற்றிக்கொண்டேன். ஜோசியர் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருந்தார். கீழே மிளகாய் அரைப்பார்கள். படியேறும்போதே தும்மல் பிடித்துக்கொள்ளும். நல்ல காரியம் பேசும்போது தும்மலாமா? ஜோசியர் அதற்கும் வழி வைத்திருந்தார்.

"இந்த மாடியில தும்முனா கணக்கில்ல. நீ பேசுபா."

அவர் அத்தையின் கட்டத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கட்டத்தையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தார். எனக்கும் எட்டிப் பார்க்கத் தெரிந்தது. இரண்டிலும் 'சனி' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'வ' என்று போட்டிருந்தது.

"வக்கிரம்" என்றார் ஜோசியர். "போற கிரகம் நின்னு பின்னால வரும். மத்த கிரகத்துக்கு வந்தா பரவால்ல. சனிக்கு வந்தா, மொத காரியம் நிக்காது. ரெண்டாவதுதான் நிக்கும். உனக்கு நடந்தது தெரியுமில்ல? அதே அமைப்பு தங்கச்சிக்கும் கீது."

அப்பா தும்மினார். தும்மி முடித்தும் முகத்தைத் துண்டிலிருந்து எடுக்கவில்லை.

"எனக்கு அப்பவே சொல்லியிருந்தா..." என்றார்.

"நீ எங்க வந்த? எல்லாம் முடிஞ்சப்பறம்தானே ஜாதகத்தத் தூக்கிகினு வந்த. முன்னாடியே வந்திருந்தா ஒரு வாழை மரத்துக்குத் தாலி கட்டி, அந்த மரத்த வெட்டிச் சாய்ச்சிருக்கலாம். மொத தாரம்னு வந்தது மரத்தோட போயிருக்கும்."

வீடு திரும்பினோம். நான் மட்கார்டில் உட்கார்ந்து, மிளகாய் நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தேன். ஒரு வாழை மரத்தை வெட்டாமல் விட்டதால் ஒரு பெண் செத்துப்போனாள் என்று ஒரு மனுஷனிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் எத்தனையோ வருஷமாகச் சுமந்துகொண்டு தண்ணீர் டேங்கை இழுத்துக்கொண்டிருந்தார். இப்போது அதே கேடு தங்கையைக் கட்டப்போகிறவனுக்கு வரப்போகிறது என்கிறார்கள். இதெல்லாம் ஒன்பது வயதில் எனக்கு எங்கே தெரிந்தது? சுங்குவார்சத்திரத்தில் வண்டியை நிறுத்திப் பஜ்ஜி வாங்கித் தருவாரா என்பதுதான் என் கவலை. வாங்கித் தரவில்லை.

அத்தைக்கும் அதே மாதிரி வாழைப் பரிகாரம் செய்துவிடலாம்தான். ஆனால் எங்கள் தெருவில் அதை மறைக்க முடியாது. வாழைக்கு மாலை போட்ட பெண் என்று பேராகிவிட்டால் அப்புறம் யார் வருவார்கள்? அப்பா நாலு நாள் டிராக்டர் ஓட்டிக்கொண்டே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் வரன் நிற்காது, அவ்வளவுதானே? அப்படியானால் ஒரு வரனை நாமே வரவழைத்து, பெண் பார்க்க வைத்து, பிடிக்கவில்லை என்று சொல்ல வைத்து அனுப்பிவிட்டால் முதல் காரியம் முடிந்தது. யாருக்கும் சேதமில்லை. இதை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் யோசித்திருக்க முடியாது என்று இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

வரனுக்கு எங்கே போவது? பின்னறையில்தான் மூன்று பேர் இருந்தார்களே. அப்பா அந்த ஒல்லி வெல்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் எந்த ஆள், என்ன குலம் என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத ஆள் என்பதால்தான் அவரைப் பிடித்தது.

"சும்மா விளையாட்டுதானே அண்ணாச்சி? வாரேன்" என்று சிரித்தார் அவர்.

"வெளையாட்டு இல்லபா. நெஜமாவே பண்ணணும். பொய்யாப் பண்ணா கிரகத்துக்குத் தெரிஞ்சிடும்."

அதனால் எல்லாம் நிஜமாகவே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, பின்னறையிலிருந்து கிளம்பித் தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக மூன்று வெல்டர்களும் வந்தார்கள். வெள்ளை வேட்டி, தலைக்கு எண்ணெய். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப்பூ. அம்மா கேசரி கிளறியிருந்தாள். "அனுப்பப் போற மாப்பிள்ளைக்கு எதுக்கு முந்திரி?" என்று அவளே கேட்டுக்கொண்டு, அவளே போட்டாள். அத்தை கிளிப்பச்சைப் புடவை கட்டியிருந்தாள். எல்லாம் தெரிந்துதான் ஒப்புக்கொண்டிருந்தாள், காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள். காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது மட்டும் சிரிப்பு போய்விட்டது.

வெல்டர் காபியை எடுத்துக்கொண்டார். குடிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முறைப்படி கேட்டார்.

"இன்னா தம்பி, பொண்ணு புடிச்சிருக்கா?"

இந்த இடத்தில் 'பிடிக்கவில்லை' என்று சொல்ல வேண்டும். நேற்றே இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தாயிற்று. மற்ற இரண்டு பேரும் அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, எல்லாம் நெசமாப் பண்ணணும்னு நீங்கதானே சொன்னிய? நெசமாக் கேட்டா நெசந்தான் சொல்ல முடியும். எனக்குப் பிடிச்சிருக்கு."

மற்ற இரண்டு பேரின் சிரிப்பும் நின்றுவிட்டது. அம்மாதான் கடைசியில், "கேசரி இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?" என்று கேட்டாள். அப்பா எழுந்து வெளியே போனார். டிராக்டரைச் சுற்றி வந்தார், சக்கரத்தை ஒரு உதை விட்டார், திரும்பி உள்ளே வந்தார்.

"ரூம காலி பண்ணிடு தம்பி. இன்னிக்கே."

அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. கோபம் என்று நினைத்தேன். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் நினைத்தோம்.

அன்று சாயங்காலமே மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏரிக்கு அந்தப் பக்கக் கூரை வேலையும் சீக்கிரத்தில் முடிந்துவிட்டது. மாடியிலிருந்து பார்த்தால் பொறி எரியவில்லை. அத்தை மட்டும் தினமும் மேலே போய் வந்தாள். உட்காருவாள், எழுவாள், கொடித்துணியை மடித்துவிட்டு மறுபடி உதறிக் காயப்போடுவாள். அவளோடு சேர்ந்து நானும் மாடிக்கும் கீழுக்கும் அலைந்தேன். என் கால் அன்றைக்கு ஆரம்பித்த அலைச்சலை இன்னும் நிறுத்தவில்லை.

மழை தொடங்கும் சமயம் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. இது நிஜ வரன். பட்டுக் கடையில் வேலை, சொந்த வீடு, பையனும் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. தட்டு மாற்ற நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பாவின் முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு. அப்போதுதான் அத்தை கேட்டாள்.

"அண்ணா, மொத வந்தவரு புடிக்கலன்னு சொன்னாரா?"

"அந்தப் பேச்சு இன்னாத்துக்கு இப்போ?"

"சொல்லு. சொன்னாரா? சொல்லலல்ல? அப்போ மொத காரியம் இன்னும் முடியல. வராத மாரிதான் அது. அப்போ காஞ்சிபுரத்துக்காரருதான் மொத ஆளு. அவருக்கு எதுனா ஆச்சின்னா யாரு பொறுப்பு? நானா, நீயா?"

அப்பா கையில் இருந்த சோற்றுருண்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டார். அத்தை இதை நம்பித்தான் சொன்னாளா, அவரை மடக்கச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் "ரெண்டுந்தான்" என்கிறாள். ஆனால் அப்பாவுக்கு அது நன்றாக உறைத்தது. சுவரில் இருந்த படத்தை ஒரு தரம் பார்த்தார். மறுநாளே அந்த ஒரு வார்த்தையை வாங்கிவரக் கிளம்பிவிட்டார்.

எந்த சைட்டில் எந்த ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று தண்ணீர் அடிப்பவருக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை. நான் மட்கார்டில். டேங்கில் தண்ணீர் தளும்ப, சேற்றில் வண்டி அப்படியும் இப்படியும் ஆட, ஒவ்வொரு இடமாக நிறுத்திக் கேட்டுக்கொண்டு போனோம். "நேத்து வரைக்கும் இங்கதான் இருந்தாங்க." "சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போய்ட்டாங்க." "இல்லியே, ஒரகடத்துல ஒரு ஷெட்டுல பாத்தேன்." ரோடு போட வெட்டிய பள்ளங்கள், கட்டுக்கட்டாகக் கம்பி, தார் வாசனை, நனைந்த சிமெண்டு வாசனை. எங்கேயும் எதுவும் முடிந்திருக்கவில்லை. எங்கே பார்த்தாலும் பாதிச் சுவர், பாதித் தூண்.

ஒரகடத்தில்தான் கிடைத்தார். ஒரு ஷெட்டின் ஓரமாக, தார்ப்பாய்க்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். மழையால் வேலையை நிறுத்தியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். என்னைப் பார்த்து, "கண்ணாடி பத்திரமா இருக்கா பிள்ள?" என்று கேட்டார்.

"அத்ததான் வெச்சிகினு கீது" என்றேன். அவர் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது.

அப்பா டிராக்டரிலிருந்து இறங்கினார். பேரம் பேசப் போகிறார், அதட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையைக் கூப்பினார்.

"தம்பி, ஒரே ஒரு வார்த்த. புடிக்கலன்னு சொல்லிடு. நான் போயிடறேன்."

"அண்ணாச்சி..."

"உன் மேல எனக்குக் கோவமில்லபா. நீ நல்லா இருக்கணும். அதுக்குத்தான் கேக்கறேன். அவளும் நல்லா இருக்கணும். சொல்லிடுபா."

தார்ப்பாயில் மழை தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. அவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, கீழே கிடந்த ஷீல்டை எடுத்தார். எங்கும் வெல்டிங் நடக்கவில்லை, ஒரு பொறிகூட எரியவில்லை. அதை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "பிடிக்கல" என்றார்.

அப்பா பெருமூச்சு விட்டார். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். திரும்பி வரும்போது சத்திரத்தில் வண்டியை நிறுத்தி, நான் கேட்காமலேயே பஜ்ஜி வாங்கித் தந்தார்.

வீட்டு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அப்பா, "சொல்ட்டாரு. முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார். அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். என் விரலெல்லாம் பஜ்ஜி எண்ணெய்.

"இன்னாடி சொன்னாரு?"

"புடிக்கலன்னாரு."

"எப்படிச் சொன்னாரு? உங்கப்பா மூஞ்சியப் பாத்தா?"

"இல்ல. அந்த இத்த மூஞ்சிக்கு முன்னால வெச்சிகினு சொன்னாரு. வெல்டிங் அடிக்கறப்போ வெச்சிப்பாங்களே, அது."

"வேலை நடந்துகினு இருந்துச்சா?"

"மழை அத்த. யாருமே வேலை செய்யல."

அத்தை என் கையை விட்டாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ புடவைத் தலைப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்போ சொல்லல" என்றாள். எழுந்து பின்பக்கம் போய், கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் சத்தமாகவே சொன்னாள். "அண்ணா, மூஞ்சிய மூடிகினு சொன்னா சொன்னதாவாது. அவரு சொல்லல. காஞ்சிபுரத்துக்காரங்கள வர வேணாம்னு சொல்லிடு."

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் நின்றுபோனது. அத்தை சாப்பாட்டை நிறுத்தவில்லை, சண்டை போடவில்லை, ஆனால் அசையவில்லை. தை பிறந்ததும், அப்பா வேறு வழியில்லாமல் சொல்லி அனுப்ப, வெல்டர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்தத் தரம் பின்னறையிலிருந்து இல்லை, ஊரிலிருந்து பஸ் பிடித்து, தூக்கமில்லாத கண்ணோடு. அப்பா அவரைத் தனியாக டிராக்டர் பக்கம் அழைத்துப்போய், பெரியம்மாவின் கதையைச் சொன்னார். நான் டேங்குக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, நான் தெனமும் கரண்டோடயும் நெருப்போடயும் அம்புட்டு உயரத்துல நிக்கேன். சனிக்கு எம்மேல கோவம்னா எப்பமோ தள்ளிவிட்டிருக்குமே."

அப்பாவால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், இனி தெரு பேசினால் பேசட்டும் என்று, கொல்லையில் இருந்த வாழைக்கு அத்தை கையால் மாலை போட வைத்து, அவரே அரிவாளை எடுத்து வெட்டினார். ஒரே வெட்டில் சாயும் மரத்தை அவர் திரும்பத் திரும்ப வெட்டினார். மட்டையெல்லாம் சிதறி, சாறு தெறித்து, வேட்டி முழுக்கக் கறையாகும் வரைக்கும் வெட்டினார். அந்தக் கறை போகவே இல்லை என்று அம்மா ரொம்ப நாள் குறைப்பட்டாள்.

அதன் பிறகு வெல்டர் எங்களுக்கு மாமா ஆனார். அவருக்கு இந்தப் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது, அத்தைக்குக் கார் சீட் உறை தைக்கும் இடத்தில். சத்திரத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். கறுப்புக் கண்ணாடி அவர்கள் வீடு மாறும்போது எங்கேயோ தொலைந்தது. நான் இன்னும் கேட்பேன், இருவரும் அடுத்தவர் மேல் பழி போடுவார்கள்.

இதில் ஒன்று மட்டும் எங்களுக்குப் பிடிக்கவே இல்லை. தினமும் சாயங்காலம் அப்பா அத்தைக்குப் போன் செய்வார். முதலில் பக்கத்துக் கடைக்கு, பிறகு வீட்டுப் போனுக்கு, பிறகு கைபேசிக்கு. கேட்பது ஒரே கேள்வி: "மாப்ள வந்துட்டாரா?" இரண்டாம் ஷிப்ட் என்றால் மறுநாள் விடிந்ததும் கேட்பார். மாமா ஓ.டி. பார்த்துத் தாமதமானால் இவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பார். தங்கை புருஷன் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை, வேறு ஊர் ஆள் என்று வேவு பார்க்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம். நான் ஒரு தரம் வாய்விட்டே சண்டை போட்டேன். "அவரு குடிச்சிட்டு எங்கனா வுழுந்து கெடப்பாருன்னு பாக்கறியா?" என்று கேட்டேன். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

சமீபத்தில் நடந்ததற்கு வருகிறேன். போன மாதம் கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கண்டெய்னர் லாரி, அதுவும் எங்களோடுதான் போகிறது. எங்கள் டிரைவர் அதை முந்தினார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், லாரி மெல்லப் பின்னால் போகிறது. அது பின்னால் போகவில்லை, நாங்கள்தான் வேகமாகப் போகிறோம். என் மகனுக்குப் பாடத்தில் இதைத்தான் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். சனியும் நேராகத்தான் போகிறது, நாம் உள்வட்டத்தில் அதை முந்தும்போது பின்னால் போவதாகத் தெரிகிறது. வருஷா வருஷம் நாலரை மாதம் அப்படித் தெரியும். அந்த நாலரை மாதத்தில் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் ஜாதகத்தில் சனிக்குப் பக்கத்தில் அந்த எழுத்து வரும்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? கைபேசியில் ஜாதகம் கணிக்கிற ஆப் ஒன்றை இறக்கினேன். கேண்டீனில் என் லைனில் வேலை செய்யும் பெண்கள் ஒவ்வொருத்தியின் பிறந்த தேதியையும் கேட்டுப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய மூன்றில் ஒருத்திக்குச் சனி வக்கிரம். கட்டிய புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, பிள்ளை பெற்றுக்கொண்டு, எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். இதைப் படிக்கிற உங்களிலும் மூன்றில் ஒருவருக்கு இருக்கும். கடைசியாக என் அம்மாவின் தேதியைப் போட்டேன். அம்மாவுக்கு ஜாதகமே எழுதவில்லை, சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்த்துத்தான் கல்யாணம் செய்தார்கள். ஆனால் பிறந்த நாள் தெரியும். சனி, பக்கத்தில் 'வ'.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் நேராக அப்பாவிடம் போனேன். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறு மணிக்குப் போன் செய்வதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இத்தப் பாரு. அம்மாவுக்கும் சனி வக்கிரம். அம்மாவுக்கு நீதான் மொத ஆளு. நீ குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினுதானே கீற?"

அவர் கைபேசியை வாங்கித் தூரமாய்ப் பிடித்துப் பார்த்தார். நான் லாரியைப் பற்றிச் சொன்னேன், நாலரை மாதத்தைப் பற்றிச் சொன்னேன், லைன் பெண்களைப் பற்றிச் சொன்னேன். சமையலறையில் அம்மா எதையோ தாளித்தாள், கடுகு வெடித்தது.

"எல்லாருக்குமா கீது?" என்றார்.

"மூணு பேர்ல ஒருத்தருக்குபா. இதுக்குப் போயி இத்தினி வருஷமா மாமாவுக்கு எதுனா ஆயிடும்னு பயந்துகினு இருந்தியே. அது வேவு இல்ல, பயம்னு எனக்கு இப்போதாம்பா புரியுது. வுட்டுத் தள்ளுபா."

அவர் நிம்மதியாகச் சிரிப்பார் என்று காத்திருந்தேன். பாரத்தை இறக்கி வைக்கிற மாதிரி ஒரு மூச்சு விடுவார், நானும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். அதில் பெரியம்மாவுக்கு இன்னும் பத்தொன்பது வயதுதான்.

"அப்போ அவளுக்கு வந்தது வெறும் ஜொரந்தானா?" என்றார்.

என் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"மாத்திர குடுத்திருந்தா போதுமாம்மா? செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிகினு போயிருந்தா..."

அப்பாவின் கைபேசி அடித்தது, நான் எடுத்தேன். அத்தைதான். "உங்கப்பா இன்னும் போன் பண்ணலியேன்னு நானே பண்ணேன். அவரு வந்துட்டாரு, காபி குடிச்சிகினு கீறாருன்னு சொல்லு" என்றாள்.

"மாமா வந்துட்டாராம்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.